எலும்புகள் கூறும் சாட்சியம்

மக்கள் மதம் மாறியதை வெறும் மிருக எலும்புகளைக் கொண்டு எப்படி நிச்சயிக்கிறார்கள்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

தனி எலும்பு ஒன்றைக் கொண்டு அன்று, அம்மா. எலும்பு கிடக்கும் இடமும், பிராணியைக் கொன்ற விதமும் மாறுவதைக் கொண்டே நிச்சயிக்கிறார்கள். ஐஸ்லாந்து தேசத்தில், கி.பி. 1000-ஐ ஒட்டி அல்திங் என்னும் மகாசபை கிறிஸ்தவ மதத்தை அங்கீகரிக்கும் வரையில், இறந்தவரோடு குதிரையையும் கொன்று புதைக்கும் சம்பிரதாயம் பரவலாக இருந்து, பின்னர் எழுந்த கிறிஸ்தவக் கல்லறைகளில் அது அற்றுப்போயிற்று. ஹோஃப்ஸ்தாதிர் என்னும் ஊரிலோ, பெரிய விருந்து மண்டபத்தை அடுத்துக் கிடைத்த 20-க்கும் மேற்பட்ட மாட்டுத் தலையோடுகளில், நெற்றியில் விழுந்த அடியும் கழுத்தை வெட்டிய சுவடும், வெயிலிலும் பனியிலும் நெடுநாள் வெளியே மாட்டப்பட்டிருந்த தேய்வும் காணப்படுவதால், அவை அடுக்களைக்கு அறுத்தவை அல்ல, பலியிட்டவை என்றே ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர். எனக்கும் அதில் ஐயமில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம்: புதிய மதத்தை ஏற்றபோதும் குதிரை மாமிசம் உண்ணும் உரிமை சில காலம் விட்டுவைக்கப்பட்டதாகச் சரித்திராசிரியர் அரி எழுதியிருப்பதால், குப்பைமேட்டில் குதிரை எலும்பைக் கண்டவுடனே அவ்வீட்டாரைப் பழைய மதத்தினர் என்று தீர்மானித்துவிடலாகாது.