சூசன்னாவின் வழக்கும் நமது கடமையும்

வாசிக்க: தானியேல் 13, இணைச்சட்டம் 19:15-19, மத்தேயு 25:31-46

இப்பாடத்தைக் குடும்பமாகவோ, அயலவர் ஐந்தாறு பேர் கூடியோ படிக்கலாம். முதலில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தை ஒருவர் உரத்து வாசிக்கட்டும்.

1. விவிலியத்தில் ஒரு வழக்கு

பாபிலோனில் இருந்த இஸ்ரயேல் மக்கள் நம்மைப் போலவே சொந்த நிலத்தை விட்டுப் பெயர்க்கப்பட்டவர்கள். அங்கே நீதிபதிகளாயிருந்த முதியவர் இருவர் சூசன்னா என்ற பெண்மீது தீய நோக்கம் கொண்டனர். அவள் இணங்கவில்லை. உடனே அவள்மேல் விபசாரப் பழியைச் சுமத்தினர். சபையார் அவர்களின் பதவியையும் நரையையும் பார்த்து நம்பினர். சூசன்னாவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் கேட்ட இரண்டு சாட்சிகள் இருந்தனர். ஆனால் அந்தச் சாட்சியம் உண்மைதானா என்று எவரும் விசாரிக்கவில்லை.

அப்பொழுது இளைஞரான தானியேல் எழுந்து மக்களைக் கண்டித்து, வழக்கை மறுபடியும் விசாரிக்கச் செய்தார். சாட்சிகள் இருவரையும் வெவ்வேறாக நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் அவளைக் கண்டீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பொய் வெளிப்பட்டது. குற்றமற்ற உயிர் தப்பியது.

சூடடித்த நெல்லை அப்படியே சாக்கில் கட்டுகிறோமா? காற்றில் தூற்றிப் பதரைப் போக்கிய பின்பே கட்டுகிறோம். ஒருவருக்கு எதிராகச் சொல்லப்படும் வார்த்தையையும் அப்படித் தூற்றிப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வதிகாரம் தரும் பாடம்.

2. நம் நாட்டில் ஒரு வழக்கு

பொலிசாரிடம் ஒருவர் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளக்கூடாது என்பது நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் (1895) பொது விதி. பூட்டிய அறையில் பயத்தால் சொன்ன வார்த்தை உண்மையாக இராமற் போகலாம் என்பதே காரணம்.

1979ஆம் ஆண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்விதிக்கு விலக்கு அளித்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாக ஏற்கப்பட்டது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால், அதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும் என்றும் ஆயிற்று. மூன்று ஆண்டுகளுக்கென வந்த இச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது.

1993இல் மட்டக்களப்பில் கைதான தமிழர் ஒருவருக்கு 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. சான்றாக இருந்தது அவருடைய ஒப்புதல் ஒன்றே. அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருக்கு அம்மொழி தெரியாது. தாம் கையொப்பமிட மறுத்தபோது பெருவிரல் அடையாளத்தை வலிந்து பதித்தார்கள் என்று அவர் கூறினார். மேன்முறையீட்டில் தண்டனை 35 ஆண்டாகக் குறைந்தது. அவ்வழக்கு நீதியாக விசாரிக்கப்படவில்லை என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் முடிவு செய்தது. எனினும் 2006இல் நமது உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டபோது தடுப்புக் காவலின் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. ஒப்புதல் பற்றிய பிரிவு மாறவில்லை.

3. குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறோமா?

சிலர் இப்படிக் கேட்பார்கள். தானியேல் சட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை; சரியாக விசாரிக்கவே சொன்னார். குற்றமற்றவர் சிறைக்குப் போனால், குற்றம் செய்தவர் வெளியே நடமாடுவார். பாதிக்கப்பட்டவருக்கும் நீதி கிடையாது. ஆகவே சட்டத்தைத் திருத்தக் கேட்பது இரு பக்கத்தாருக்கும் நன்மையே. நம் ஆண்டவரும் இரவில் பிடிக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒவ்வாத சாட்சியங்களின் நடுவே நின்றவர் அல்லவா?

ஆனால் பிறரைக் குறை சொல்லுமுன் நம்மையும் பார்ப்போம். எல்லைத் தகராறுக்காக அயலவர்மேல் மொட்டைக் கடிதம் எழுதுவோர் நம்மிடையே இல்லையா? காவலில் இருப்பவரின் மனைவி கிணற்றடிக்கு வந்தால் பேச்சை நிறுத்துகிறவர்கள் இல்லையா? சூசன்னாவுக்குத் தீர்ப்பிட்ட சபையில் நாமும் அமர்ந்துவிடுகிறோம்.

4. நாம் செய்யக்கூடியவை

• ஒருவர் கைதானால், திகதி, நேரம், இடம், கொண்டு போனவர்கள் யார், எங்கே கொண்டு போனார்கள் என்பவற்றை உடனே எழுதி வையுங்கள்.

• விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பமிட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

• 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யத் தவணை ஒரு மாதமே. அம்மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணைக் காலம் இத்தவணையில் கணக்கிடப்படாது. ஆகவே சட்டத்தரணியையும் பங்குத் தந்தையையும் தாமதியாமல் நாடுங்கள்.

• சிறையில் இருப்பவரின் வயலை முறை வைத்து உழுது கொடுங்கள். காணியில்லாத இடத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பகிருங்கள். சிறையில் இருந்தோரைப் பார்க்கப் போனோமா என்பதே கடைசித் தீர்வையில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

5. கலந்து பேச

அ. விசாரியாமல் நாம் யாருக்காவது தீர்ப்பிட்டிருக்கிறோமா? அதை எப்படிச் சரி செய்யலாம்?

ஆ. நம் முகாமில் அல்லது கிராமத்தில் காவலில் உள்ளவரின் குடும்பம் எது? இந்த வாரம் அங்கே யார் போவது?

இரண்டாவது கேள்விக்குப் பெயர் குறித்த பின்பே செபம் சொல்லிக் கலைவோம்.