கார் ஏன் இப்படித் தூக்கிப் போடுது?

போன வருஷம் எங்க வீட்டில் ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கினோம். முந்தைய ஓனர் ஆசை ஆசையாக 17 இன்ச் அலாய் வீல் போட்டு வைத்திருந்தார். பார்க்க அட்டகாசம்தான். ஆனால் அம்மாவுக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. வாரம் இரண்டு தடவை பிசியோதெரபிக்குப் போகணும். மூன்றாவது வாரமே அம்மா சொல்லிட்டாங்க: "நான் ஆட்டோவிலேயே போய்க்கிறேன்டா." மெக்கானிக்கல் படிக்கிற பையன் வீட்டில் இருக்கும்போது இதைவிட ஒரு அவமானம் வேணுமா?

அப்பா ஒரு ஆக்சசரிஸ் கடையில் விசாரித்தார். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் செருகுற ரப்பர் பஃபர் ஒன்றைக் காட்டி, "இதைப் போடுங்க சார், குஷன் மாதிரி போகும்" என்றார்கள். போட்டோம். முன்னைவிட மோசமாகிவிட்டது. அப்போதுதான் வைப்ரேஷன் யூனிட் நோட்டைத் தேடி எடுத்தேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "கார் ஹார்டா இருக்கு" என்பது ஒரே ஒரு நோய் இல்லை. ஒரு சக்கரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்க. மேலே காரின் பாடி, சுமார் 250 கிலோ என்று வைப்போம். அதற்குக் கீழே சஸ்பென்ஷன் ஸ்பிரிங், மி.மீ.க்கு 20 நியூட்டன். அதற்கும் கீழே வீல், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்து 35 கிலோ. கடைசியில் டயர். டயரும் ஒரு ஸ்பிரிங்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதன் ஸ்டிஃப்னஸ் மி.மீ.க்கு 200 நியூட்டன் அளவில் இருக்கும், அதாவது சஸ்பென்ஷனைப் போலப் பத்து மடங்கு. இவை ஒரு சின்னக் காருக்கு ஒத்து வருகிற தோராய எண்கள்.

ஸ்டிஃப்னஸை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் வகுத்தால், பாடியின் இயல்பு அதிர்வெண் 1.4 ஹெர்ட்ஸ் வரும். அது தொட்டில் ஆடுற வேகம். அதே கணக்கை வீலுக்குப் போட்டால் 12.6 ஹெர்ட்ஸ். அதுதான் "டக டக டக". மனித உடம்போ மேல்கீழ் அதிர்வில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை ரொம்ப சென்சிடிவ், ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை இதை வைத்துத்தான் எழுதப்பட்டது. அதனால்தான் தொட்டில் ஆட்டத்தில் தூக்கம் வருகிறது, டக டகவில் இடுப்பு போகிறது.

சாலையில் 1.3 மீட்டருக்கு ஒரு மேடு இருந்து நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் போனால், நொடிக்கு 12.8 தடவை இடிக்கும். வீல் ஆடத் துடிக்கிற அதே அதிர்வெண்! 12 மீட்டருக்கு ஒரு அலை இருந்தால் 1.4 ஹெர்ட்ஸ்; பாடி முழுசா மிதக்கும். ஒரே கார், ஒரே வேகம், இரண்டு வேறு புகார்கள். உங்கள் கார் ஜல்லியிலும் பேட்ச் போட்ட ரோட்டிலும் மட்டும் அடிக்குதா, இல்லை பெரிய மேட்டில் தூக்கிப் போடுதா? இதற்குப் பதில் தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணாதீங்க. முதலாவது என்றால் டயர் பக்கம் போங்க. இரண்டாவது என்றால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பக்கம்.

எங்களுடையது முதலாவது. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் 33 பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தது. காலையில் வண்டியை எடுக்காமலே அளந்து பார்த்தேன், 42! டயரின் ஸ்டிஃப்னஸில் பெரும்பங்கு காற்றழுத்தத்தில் இருந்துதான் வருது, அழுத்தம் ஏறினால் அதுவும் கூடவே ஏறும். 33க்கு இறக்கின அன்றே பாதி வித்தியாசம் தெரிந்தது. செலவு பூஜ்யம். ஆனால் "குறைத்தால் இன்னும் சாஃப்ட் ஆகுமே" என்று 25க்கு இறக்கிவிடாதீர்கள். பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கிச் சூடாகும், மே மாத வெயிலில் ஹைவேயில் டயர் வெடிப்பது அப்படித்தான். நைட்ரஜன் அடித்தால் மெத்துனு போகும் என்பதையும் நம்பாதீங்க. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

அடுத்து டயர் அளவு. எங்க காருக்குக் கம்பெனி கொடுத்தது 185/65 ஆர்15. முந்தைய ஓனர் போட்டது 205/45 ஆர்17. முதல் எண் அகலம், மி.மீ.யில். இரண்டாவது, பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. பெருக்கிப் பாருங்க: 185இல் 65 சதவீதம் 120 மி.மீ.; 205இல் 45 சதவீதம் 92 மி.மீ. டயரின் மொத்த விட்டம் 622, 616 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, அழகுக்காகப் பெரிதான ரிம், 28 மி.மீ. ரப்பரையும் காற்றையும் தின்றுவிட்டது. சின்னக் கல், பேட்ச் விளிம்பு போன்றவற்றை விழுங்க வேண்டியது அந்தப் பக்கச்சுவர்தான். பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் அது நசுங்கி, பக்கத்தில் வீக்கம் வருவதும் இதே காரணத்தால்.

இன்னொன்று, யாரும் பார்க்காதது: லோட் இண்டெக்ஸ். 185/65 ஆர்15இல் வழக்கமாக 88 என்று இருக்கும், அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 205/45 ஆர்17 சாதாரண வகையில் 84, அதாவது 500 கிலோதான். 88 வேணும் என்றால் எக்ஸ்ட்ரா லோட் வகை வாங்கணும், அதில் அந்த எடையைத் தாங்கக் காற்றும் கூட அடிக்கணும். எங்களுடையது அந்த வகைதான். 42 பி.எஸ்.ஐ. எங்கே இருந்து வந்தது என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அந்த டயருக்கு 33 போதாது, 42 அம்மாவுக்கு ஆகாது. இதில் இருந்து வெளியே வர ஒரே வழி 15 இன்ச்சுக்குத் திரும்புவது. அலாயை ஆன்லைனில் விற்றோம், பழைய ஸ்டீல் ரிம் வாங்கினோம். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டயர் வாங்கும்போது தயாரிப்புத் தேதியையும் பாருங்க. பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். ரப்பர் வயசாக வயசாக இறுகும். டிரெட் நிறைய இருக்கு என்று பழைய டயரை மலிவாக வாங்கினால் கட்டையைக் கட்டி ஓட்டின மாதிரிதான்.

இப்போ சஸ்பென்ஷன். அந்த ரப்பர் பஃபர் ஏன் காலை வாரியது? சுருள் ஸ்பிரிங்கின் ஸ்டிஃப்னஸ், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதம். பஃபரைச் செருகினால் அந்த இடத்தில் சுற்று அசையாது. கணக்கில் ஒரு சுற்று போச்சு. ஆறு சுற்றில் ஒன்று போனால் ஸ்டிஃப்னஸ் 20 சதவீதம் ஏறும். ஏற்கனவே முதுகு வலிக்கிறவருக்குக் கட்டிலில் மெத்தையை எடுத்துவிட்டு பலகை போட்ட கதை. வண்டி தாழ்வாக இருக்கணும் என்று ஸ்பிரிங்கை வெட்டுகிற நம்ம பசங்களுக்கும் இதே ஃபார்முலாதான். அதோடு பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும் தூரமும் குறையும்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. தேய்ந்து போனால் கார் ஹார்டாகாது, மிதக்கும், வீல் துள்ளும், டயரைத் தடவினால் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கும். ஹார்டாக இருக்கிறதே என்று ஸ்போர்ட்ஸ் டேம்பர் வாங்கிப் போட்டால் டக டக அதிகமாகத்தான் ஆகும். கம்பெனி ஸ்பெக்கே போதும். லோயர் ஆர்ம் புஷ், மேலே ஸ்ட்ரட் மவுண்ட் இரண்டையும் பாருங்க, ரப்பர் வெடித்தோ இறுகியோ இருந்தால் சின்னப் பள்ளம்கூட நேரே பாடிக்கு வரும். அதை மாற்றும்போது பாலியூரித்தேன் புஷ் நல்லது என்று யாராவது சொல்வார்கள். ரேஸ் வண்டிக்கு நல்லது.

காசே செலவழிக்காமல் இன்னொன்று செய்தோம். அம்மாவைப் பின்சீட்டில் இருந்து முன்சீட்டுக்கு மாற்றினோம். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி என்ற இன்ஜினியர் கண்டது இது: பின் சஸ்பென்ஷனின் அதிர்வெண் முன்னதைவிடக் கொஞ்சம் கூட இருந்தால், முன்சக்கரத்துக்கு அப்புறம் மேட்டைத் தொடுகிற பின்சக்கரம் சீக்கிரம் எட்டிப் பிடித்துவிடும், கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாது. பெரும்பாலான கார்களில் இன்றும் அப்படித்தான் அமைக்கிறார்கள். போதாததற்குப் பின் ஸ்பிரிங் ஐந்து பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் தாங்கணும். ஒரே ஒருவர் உட்கார்ந்தால் அது அசைந்துகொடுக்காது. அதுவும் பின்சீட்டு கிட்டத்தட்ட பின் ஆக்சிலுக்கு மேலேயே இருக்கிறது. முன்சீட்டோ இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே.

நீங்களும் அளந்து பார்க்கலாம். ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிடும் ஃபைபாக்ஸ் என்ற இலவச ஆப்பை போனில் போட்டு, சீட்டுக்குக் கீழே தரையில் போனை டேப்பால் அசையாமல் ஒட்டுங்க. ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம் என்பதைத் திறந்து, ஒரே ரோட்டில் ஒரே வேகத்தில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டுங்க. போனை நீங்க பார்க்காதீங்க, பக்கத்தில் ஒரு ஃப்ரெண்ட் இருக்கட்டும். எங்க காரில் 12 ஹெர்ட்ஸ் பக்கம் ஊசி மாதிரி நின்ற சிகரம் 15 இன்ச் டயருக்கு அப்புறம் பாதிக்கும் கீழே வந்தது. இடது முன்பக்கம் மட்டும் இன்னும் ஒரு டொக் சத்தம் இருக்கு, ஸ்ட்ரட் மவுண்டாகத்தான் இருக்கணும். செமஸ்டர் லீவில் கழற்றிப் பார்க்கிறேன். அம்மா இப்போ காரில்தான் போறாங்க.