மருந்தின் மறுபக்கம்

காலையில் எழும்போது பிள்ளையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கும். சிறுநீரில் நுரை மிகுந்திருக்கும். நெஃப்ரோடிக் எனப்படும் சிறுநீரக நோயின் அறிகுறிகள் இவை. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா எனத் தோட்டப்புறமாயினும் பட்டணமாயினும், இந்நோய் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம். இதற்குப் பெரும்பாலும் வழங்கப்படும் மருந்து பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரையாகும். லூப்பஸ், மூட்டு அழற்சி போன்ற நோய்களுக்கும் இது பயன்படுகிறது.

விளையாட்டாளர்கள் சிலர் தசை வளர்ச்சிக்காகத் தவறாகப் பயன்படுத்தும் ஸ்டீராய்டு வேறு, இது வேறு. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் எனும் சுரப்புநீரை நாள்தோறும் சுரக்கின்றன. பிரெட்னிசோலோன் அதைப் போன்றே செயல்படும். 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டு நோயால் முடங்கியிருந்த ஒருவருக்கு இவ்வகை மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். இக்கண்டுபிடிப்புத் தொடர்பான ஆய்வுகளுக்கு 1950ஆம் ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது. ஆயினும், நீண்ட நாள் உட்கொள்வதால் ஏற்படும் பக்கவிளைவுகளும் விரைவிலேயே தெரியவந்தன.

ஆஸ்துமாவிற்காகச் சில நாள் மட்டும் உட்கொள்வதால் பொதுவாகப் பெரிய பாதிப்பு ஏற்படுவதில்லை. மாதக்கணக்கில் தொடரும்போது முகம் உப்பி வட்டமாகும். பசி மிகுந்து உடல் எடை கூடும். உயரம் வளர்வது மெதுவாகும், எலும்பு வலுவிழக்கும். இரத்த அழுத்தமும் இரத்தத்தில் சர்க்கரையும் உயரலாம். கண்ணில் புரை விழலாம். தூக்கம் கெட்டு, எளிதில் எரிச்சல் வருவதும் உண்டு. இதனால்தான் மருத்துவர் ஒவ்வொரு சந்திப்பிலும் பிள்ளையின் உயரம், எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளக்கிறார். கண் பரிசோதனைக்கும் அனுப்புகிறார். நோய் கட்டுப்பட்டதும் மருந்தின் அளவை மெல்ல மெல்லக் குறைக்கிறார்.

இம்மாற்றங்களைக் கண்டு அஞ்சும் பெற்றோர் சிலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். ஆபத்து இங்குதான் உள்ளது. மருந்து வெளியிலிருந்து தொடர்ந்து கிடைப்பதால் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. மருந்து திடீரென நின்றால் அவற்றால் உடனே விழித்தெழ முடியாது. அப்போது கடும் சோர்வு, வாந்தி, மயக்கம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பர். இம்மருந்தைப் பொறுத்தவரை, அளவு சட்டென்று குறைவதும் நஞ்சே. எனவே, மாத்திரை தீரும்வரை காத்திராமல் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். பிள்ளை வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால், தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பாற்றலையும் குறைக்கும். சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது தோட்டப்புற வழக்கம். ஸ்டீராய்டு உட்கொள்ளும் பிள்ளைக்கு அது போதாது. அம்மை கண்டவருடன் பழகியிருந்தாலே, கொப்புளம் தோன்றும் முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தடுப்பூசி போடும் முன்பும் இம்மருந்தைப் பற்றிக் கூறுவது அவசியம்.

பக்கவிளைவுக்கு அஞ்சிச் சிலர் சந்தையில் விற்கப்படும் ‘மூலிகை’ மாத்திரைகளை நாடுகின்றனர். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டே இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. பதிவெண்ணும் பாதுகாப்பு முத்திரையும் இல்லாத மருந்துகளை வாங்கக் கூடாது.

மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் உட்கொள்வது வயிற்றுக்கும் தூக்கத்திற்கும் நல்லது. கருவாடு, ஊறுகாய், உடனடி மீ, இனிப்புப் பானங்கள் ஆகியவற்றைக் குறைப்பது இரத்த அழுத்தத்தையும் எடையையும் கட்டுப்படுத்த உதவும்.

வீட்டார் எவ்வளவு கவனித்தாலும், பள்ளியில் கேட்கும் ஒரு கேலிச்சொல் அனைத்தையும் பாழாக்கிவிடலாம். உப்பிய முகத்தைப் பார்த்து நண்பர்கள் பட்டப்பெயர் வைத்தால், அப்பிள்ளை யாருக்கும் தெரியாமல் மாத்திரையைத் தூக்கி எறியக்கூடும். மருந்தின் அளவு குறையும்போது முகமும் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். அதுவரை அப்பிள்ளை மனம் தளராமல் மருந்தைத் தொடர்வதற்கு வகுப்புத் தோழர்களின் பரிவும் துணை நிற்க வேண்டும்.