நோயுற்ற கோழியின் நோயை அறியும் முறை

வீட்டு வளவிலே ஐந்தோ பத்தோ கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு ஒரு பேடு சாவது சிறு நட்டமன்று. அதன் முட்டை பிள்ளைகளுக்கு உணவாகும். மிஞ்சியதை விற்றால் கைச்செலவுக்கு உதவும். ஒரு பேட்டைப் பற்றிய நோய் சில நாள்களில் வளவிலுள்ள கோழிகள் யாவற்றையும், பின்னர் அயல் வளவுகளின் கோழிகளையும் அழித்துவிடக்கூடும் என்பது அதனினும் பெரிய கவலையாகும்.

எனினும் நோயுற்ற கோழிகள் யாவும் தொற்றுநோய் கொண்டவையல்ல. முட்டை சிக்கிய பேடும், தீன்பை அடைத்த பேடும், இராணிக்கெற் நோய் கண்ட பேடும் தொடக்கத்தில் ஒரே தோற்றத்தையே காட்டும். செட்டை தொங்க, இறகு சிலிர்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். இத்தோற்றத்தைக் கண்டவுடன் உள்ளியும் மிளகும் அரைத்து ஊட்டுவதும், கடையில் ஏதேனும் மருந்து வாங்கிக் கொடுப்பதும் பயன் தரா. மருந்துக்கு முன் நோய் இன்னதென அறிதல் வேண்டும். அதற்குரிய முறை கீழே படிப்படியாகக் கூறப்படுகின்றது.

1. முதலில் ஒதுக்கி வையுங்கள்

கோழி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. அது சோர்வை வெளிக்காட்டும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே ஐயமுற்றவுடன் அக்கோழியைப் பிடித்து, மற்றவற்றுக்குத் தூரமாக, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தனிக் கூட்டில் விடுங்கள். கூட்டின் தரையில் பழைய கடதாசி விரித்தால் எச்சத்தை நன்கு பார்க்கலாம். சுத்தமான நீரும் சிறிது தீனும் வையுங்கள். நலமுள்ள கோழிகளுக்கு முதலில் தீன் வைத்து, நோயுற்றதைக் கடைசியிலேயே கவனியுங்கள். பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

2. ஒன்றா, பலவா?

கேட்கவேண்டிய முதல் வினா இதுவே. ஒரு கோழி மட்டும் சோர்ந்து, ஏனையவை வழக்கம்போல் மேய்ந்து திரிந்தால், அக்கோழியின் உடலுக்குரிய குறையாக இருத்தல் கூடும். இரண்டு மூன்று நாள்களுக்குள் பல கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்ந்தாலும், முன்குறி எதுவுமின்றிச் சில இறந்துகிடந்தாலும், தொற்றுநோய் என்றே கொள்ளவேண்டும். அயல் வளவுகளில் கோழி சாகின்றதா, அண்மையில் சந்தையிலிருந்து புதிய கோழி கொண்டுவரப்பட்டதா என்பவற்றையும் விசாரியுங்கள்.

1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகே காணப்பட்டமையால் அவ்வூர்ப் பெயர் பெற்ற நோயே, இந்தியாவின் இராணிக்கெற் என்னும் மலையூரின் பெயராலும் வழங்குகின்றது. வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், பச்சை நிறக் கழிச்சல், செட்டையும் காலும் வழங்காமை, கழுத்து முறுகுதல், முட்டை திடீரெனக் குறைதல் என்பன இதன் குறிகள். எல்லாக் குறிகளும் ஒரே கோழியில் தோன்றவேண்டுமென்பதில்லை. நோய்க்கிருமி உட்சென்று பெரும்பாலும் ஐந்தாறு நாள்களில் குறி தோன்றும். இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. நலமுள்ள காலத்தில் இடும் தடுப்பு மருந்தே காவல். இக்குறிகளைக் கண்டால் மேலும் ஆராய்ந்து காலம் போக்காது, அன்றே உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

3. எச்சத்தைப் பாருங்கள்

நலமுள்ள கோழியின் எச்சம் கபில நிறமாய், உருண்டு, மேலே வெண்மை படிந்திருக்கும். இடையிடையே கரும்பழுப்பான, பசைபோன்ற எச்சம் இடுவதும் இயல்பே. அதனை நோயென மயங்கவேண்டாம். பச்சை நீராய்க் கழிதல் தொற்றுநோயாலும் வரலாம். பல நாள் தீன் உண்ணாமையாலும் வரலாம். மூன்று முதல் எட்டு வாரம் வரையான குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் கண்டால், அது பெரும்பாலும் கொக்சிடியா என்னும் நுண்ணுயிரால் வரும் இரத்தக் கழிச்சலாகும். ஈரமான தரையே அந்நோய்க்கு இடமளிப்பது. மாரிகாலத்தில் கூட்டின் தரையிலுள்ள உமியையோ மரத்தூளையோ அடிக்கடி மாற்றி உலர்வாக வைத்திருங்கள். இந்நோய்க்கு மருந்துண்டு; தாமதியாது வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

4. கையிலெடுத்துத் தலை முதல் பாதம் வரை சோதியுங்கள்

தலை: கொண்டையிலும் தாடியிலும் கரிய பொருக்குகள் இருந்தால் கோழி அம்மையாகும், இது நுளம்பினாலும் பரவும். முகம் வீங்கி, மூக்கிலிருந்து துர்நாற்றமுள்ள சளி வடிந்தால், தொற்றும் சளிநோயென ஐயுறுங்கள். கொண்டை வெளிறியிருந்தால் இரத்தக் குறைவாகும். அதற்குப் புழுவோ சிற்றுண்ணியோ காரணமாகலாம்.

தீன்பை: கழுத்தின் அடியிலுள்ள இப்பையை, தீன் வைக்குமுன் விடியற்காலையில் தடவிப்பாருங்கள். இரவில் தீன் செரித்து அப்பை வெறுமையாய் இருத்தல் இயல்பு. காலையிலும் கட்டியாக இருந்தால், நீண்ட புல்லோ நாரோ சிக்கி அடைத்திருக்கும். மென்மையாய் நீர் நிரம்பி, வாயில் புளித்த நாற்றம் வீசினால் தீன் புளித்துவிட்டது. கோழியைத் தலைகீழாய்ப் பிடித்து அந்நீரை வெளியேற்ற முயலாதீர்கள். அது மூச்சுக்குழலிற் புகுந்து கோழி இறக்கக்கூடும்.

நெஞ்செலும்பு: அதன் இருபக்கமும் தசை நிறைந்திருக்கவேண்டும். எலும்பு கத்திபோற் கூர்மையாய்த் தட்டுப்பட்டால், நோய் இன்று நேற்று வந்ததன்று. பல வாரங்களாய் உடலை அரித்துவந்தது.

வயிறும் எச்சத்துவாரமும்: எச்சத்துவாரத்தைச் சுற்றிய இறகில் எச்சம் ஒட்டியிருத்தல் கழிச்சலைக் காட்டும். அவ்விறகின் அடியிலும் செட்டையின் கீழும் பேன் உண்டா என விலக்கிப் பாருங்கள். சிற்றுண்ணியோ பகலில் கூட்டின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். இரவில் விளக்குடன் சென்று, கோழி உறங்கும் தடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாலன்றி அது புலப்படாது.

பாதம்: நொண்டும் கோழியின் உள்ளங்காலில் கரிய பொருக்கும் வீக்கமும் இருந்தால், முள்ளோ கல்லோ குத்திச் சீழ் பிடித்திருக்கும்.

5. நோயல்லாதவை

அடைகிடக்கும் பேடு இறகு சிலிர்த்து, உண்ணாது கூட்டிலேயே இருக்கும். அணுகினால் சீறிக் கொத்தும். இறகுதிர்க்கும் பேட்டின் கொண்டை சுருங்கும், முட்டையும் நிற்கும். கடும் வெயிலில் நலமுள்ள கோழியும் வாய் திறந்து இளைக்கும். நிழலில் சிறிது நேரத்தில் அது தணிந்துவிடும். இவை நோயல்ல.

6. ஓர் உதாரணம்

ஏழு பேடுகளில் ஒன்று காலையில் தீன் உண்ண வரவில்லை எனக் கொள்வோம். மற்ற ஆறும் நலமாயுள்ளன. கொண்டை சிவந்துள்ளது, தீன்பை வெறுமை, நெஞ்சில் தசை உண்டு, சளியில்லை. ஆனால் அது உடலை நிமிர்த்தி நின்று, வாலை மேலும் கீழும் அசைத்து முக்குகின்றது. வயிற்றின் பின்பக்கத்தைத் தடவினால் முட்டை போன்ற கட்டி தட்டுப்படுகின்றது. இது முட்டை சிக்கிய பேடு. கை பொறுக்கும் சூடான நீரில் வயிறு அமிழும்படி 20 நிமிடம் வைத்து, ஈரம் துவட்டி, எச்சத்துவாரத்தில் சிறிது தேங்காயெண்ணெய் தடவி, அமைதியான இருண்ட இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கு ஆபத்து. அன்று மாலைக்குள் முட்டை வெளிவராவிடில் வைத்தியரை நாடுங்கள்.

மறுநாள் இரண்டாவது பேடும் சோர்ந்து மூச்சு வாங்கினால், நேற்றைய முடிவைப் பற்றிக்கொண்டிராமல், இரண்டாம் படியிற் கூறிய வினாவை மீண்டும் கேளுங்கள்.

7. செய்யத்தகாதவை

நோய் பரவும்போது எஞ்சிய கோழிகளை விரைந்து விற்பது பலரின் வழக்கம். சந்தைக்குச் செல்லும் நோய்க்கோழி ஒன்று பல ஊர்களுக்கு நோயைக் கொண்டுசெல்லும். ஆகவே விற்கவும், உறவினருக்குக் கொடுக்கவும், கறியாக்கவும் வேண்டாம். வைத்தியர் தரும் மருந்தைக் கோழிக்குக் கொடுக்கும் நாள்களிலும், பின்னர் அவர் குறிக்கும் நாள்கள் கழியும்வரையும், முட்டையை உண்ணாதீர்கள், விற்காதீர்கள்.

இறந்த கோழியைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். இராணிக்கெற் கிருமி மனிதரின் கண்ணிற் பட்டால் கண்ணோய் உண்டாகலாம். ஆகவே வெறுங்கையால் தொடவும் வேண்டாம். காரணம் தெரியாது இறந்திருந்தால் உடனே வைத்தியருக்கு அறிவித்து, அவர் கேட்டால் பொலித்தீனில் இறுகக் கட்டி, பனிக்கட்டியுடன் அனுப்புங்கள். உடலை அறுத்துப் பார்ப்பதால் துலங்கும் காரணம் எஞ்சிய கோழிகளைக் காக்க உதவும். அன்றேல் நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்குத் தொலைவில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நாள்தோறும் காலையில் கூட்டைத் திறந்துவிடும்போது சிறிது நேரம் நின்று, எது முதலில் ஓடி வருகின்றது, எது பின்தங்குகின்றது எனப் பாருங்கள். பின்தங்கும் கோழியை அன்றே ஒதுக்கிச் சோதிப்பவர் ஒரு கோழியோடு நட்டத்தை நிறுத்திக்கொள்ளலாம்.