மேடு பள்ளமான நிலத்தில் மாட்டுப் பட்டி

மாட்டுப் பட்டி அமைப்பதென்றால் முதலில் நிலத்தைச் சமன் செய்தாக வேண்டும் என்பது நம் அங்கத்தினர் பலரின் எண்ணம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுவதிலேயே கையிருப்பில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. கொட்டிய மண்ணோ முதல் மழையில் அமிழ்ந்து, நட்ட கால்களையும் சாய்த்துவிடுகிறது. இது பெரும்பாலும் வேண்டாத செலவு என்பதே நமது கருத்து.

அடையாற்றுக் கழிமுகத்தை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து இதை எழுதுகிறோம். தாழ்ந்த சமதரையில் நீர் வடியாவிட்டால் என்ன நேரும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்நகரம் கண்டது. பட்டிக்கும் அது பொருந்தும். சேற்றிலேயே நிற்கும் மாட்டுக்குக் குளம்பிடை ஊறிப் புண்ணாகும். ஈரத்தில் படுக்கும் கறவைக்கு மடிநோய் எளிதில் பற்றும். ஆகவே அளவான சரிவு நன்மையே. நூறடி நீளத்துக்கு இரண்டு முதல் நான்கடி இறக்கம் போதுமானது. அதனினும் மிகச் செங்குத்தான இடமாயின், சரிவுக்குக் குறுக்கே அகலமான படிகளாக வெட்டி, விளிம்பில் கல் அடுக்கிக் கொள்ளலாம்.

இறக்கத்தைக் கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். கொத்தனாரிடம் உள்ள டியூப் மட்டத்தில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு முளைகளருகே உயர்த்திப் பிடித்தால், இரு பக்கத்து நீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்திலிருந்து தரைவரை இரு இடத்திலும் அளந்து கழித்தால் இறக்கம் கிடைத்துவிடும். பசு ஒன்றுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும் திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் இடம் ஒதுக்குவது வழக்கிலுள்ள அளவு.

இனி வேலி. தரை எவ்வளவு சரிந்தாலும் கால்கள் தூக்குக் குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். குறுக்குக் கம்புகள் மட்டும் தரையின் சரிவை ஒட்டிச் செல்ல வேண்டும். கம்புகளையும் மட்டமாகவே கட்டினால், பள்ளம் வந்த இடத்தில் அடியில் சந்து விழும். இரவில் கன்று கழுத்தை நுழைத்துச் சிக்கிக்கொள்வது இங்கேதான். விடிந்து பார்ப்பவர் இழப்பது ஒரு கன்றை மட்டுமா? தாய் பால் சுரக்க மறுத்து அந்த ஈற்றே பாழாகக்கூடும். அச்சந்தில் மண்ணைத் தள்ளினால் மழை கொண்டுபோய்விடும். கல்லை இறுக அடுக்க வேண்டும்.

இதற்குக் கொங்கு நாட்டார் கண்ட வழி நம் மனத்துக்கு மிகவும் உகந்தது. காங்கயம் மாடுகள் மேயும் கொரங்காடுகளைச் சுற்றி அவர்கள் முள்கிளுவையை உயிர்வேலியாக வளர்க்கின்றனர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கும். கிளுவைப் போத்து நட்ட இடத்திலேயே வேரூன்றுவதால், மேடாயினும் பள்ளமாயினும் தரையை ஒட்டியே வேலி எழுகிறது. வறட்சியையும் தாங்கும். நெருக்கமாக நடுதல் மட்டும் அவசியம்.

படலை மேட்டுப் பக்கத்தில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். அது சரிவின் மேல்நோக்கித் திறந்தால் அடி தரையில் இடிக்கும். கீழ்நோக்கித் திறக்கும்படி மாட்டுக. மாடுகள் நெருக்கி மிதிக்கும் இடம் அதுவே. ஆதலால் சரளை பரப்புதல் நலம். மேற்புறத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, வெளியிலிருந்து வரும் மழைநீரைப் பட்டிக்குள் புகாமல் திருப்பிவிடுக. கீழ்ப்புறத்தில், கிணற்றுக்குத் தொலைவாக, எருக்குழி இருக்கட்டும். பட்டியில் சேரும் சாணம் சிறிய பொருளன்று. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் செம்மறை மாடுகளைப் பட்டியில் அடைத்து வளர்ப்போருக்கு எரு விற்பனையும் ஒரு வருமானமாகும்.

கால் நடுவதைக் கோடையிலேயே முடித்துக்கொண்டு, மழை தொடங்குமுன் போத்துகளை ஊன்றிவிட வேண்டும். கிளுவை தழைத்து அடைக்கும்வரை, வேலியின் அடிப்புறத்தில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சந்து விழுந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்து வருக.