கறகறப்பு எங்கிருந்து வருகிறது?

யாழ்ப்பாண நகரில் கராஜ் வைத்திருப்பவருக்கு ஒரு சாமான் குறைந்தால் பெடியன் ஒருவனைச் சைக்கிளில் அனுப்பினால் போதும். ஊர்காவற்றுறையில் அரை நாள் போய்விடும். நெடுந்தீவென்றால் குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகு, பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டி பஸ், திரும்பி வர அதே பாடு. ஆகவே தீவுப்பகுதியில் மெக்கானிக்காக இறங்க நினைக்கும் தம்பி தங்கைகள் கழற்றப் பழகுவதற்கு முன் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். டைமிங் செயின் டென்ஷனர் அதற்கு நல்ல பாடம்.

வாடிக்கையாளர் இப்படித்தான் வருவார்: "தம்பி, காலமை ஸ்டார்ட் பண்ணேக்க ரெண்டு மூண்டு செக்கன் கறகறக்குது. பிறகு ஒண்டுமில்லை." அரைவாசி விடை இதற்குள்ளேயே இருக்கிறது. இன்றைய கார்களில் செயினை இறுக்கிப் பிடிப்பது ஒயில் அழுத்தத்தில் தள்ளப்படும் ஒரு சிறு தண்டு. டென்ஷனர் தேய்ந்தால் இரவோடிரவாக அதற்குள் இருந்த ஒயில் வடிந்துவிடும். காலையில் ஒயில் ஏறும்வரை தளர்ந்த செயின் வழிகாட்டிப் பட்டையில் அடிக்கும்.

ஆனால் அந்த இன்ஜினில் செயின் இருக்கிறதா? பழைய மாருதி 800, கொரோலா 110இல் வரும் 5ஏ இன்ஜின் எல்லாம் பெல்ட். டொயோட்டா 1என்இஸட், வேகன் ஆரின் ஆர்06ஏ போன்றவை செயின். இதைக்கூடப் பாராமல் விலை சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது டிப்ஸ்டிக். ஒயில் குறைந்திருந்தாலும் கருந்தாராகக் கிடந்தாலும் நல்ல டென்ஷனர்கூடச் சத்தம் போடும். ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை போய்த் திரும்புகிற கார் முழுச்சூடு ஏறுவதே குறைவு. கிலோமீற்றர் ஓடவில்லை என்பதற்காக ஒயில் புதிதாகிவிடாது, மாதக் கணக்கைப் பாருங்கள். சரியான தர ஒயிலும் புது ஃபில்டரும் போட்டு, மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் ஒயில் காசை மட்டும் வாங்குங்கள். அந்த ஆள் இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவார்.

போகவில்லையா? வெளிப் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி ஒல்டர்னேற்றர் பக்கம். நிற்காவிட்டால் நீள ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, சுழலும் பாகங்களில் படாமல், முனையைச் செயின் மூடியில் ஊன்றிக் கேளுங்கள். டப்பெட் சத்தம் சீராக 'டிக் டிக்' என்று மேலிருந்து வரும். செயின் சத்தம் ஒழுங்கில்லாத உரசல். இந்த வித்தை புதிதல்ல. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகள் காதை நம்பியே வேலை செய்தன. அந்த இன்ஜின்களிலும் செயின்தான், ஆனால் கேம் கீழே பிளாக்கில் இருக்கும். ஸ்கேனர் இருந்தால் பி0016 கோட் வருகிறதா என்றும் பாருங்கள். கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள்.

இனிப் படகுக்கு முன் பட்டியல். டொயோட்டா 1இஸட்இஸட் இன்ஜினில் டென்ஷனர் வெளியிலேயே இருக்கிறது, இரண்டு நட், ஒரு ஓ-ரிங், அவ்வளவுதான். 1என்இஸட்டில் முன்மூடியைக் கழற்ற வேண்டும். செயின், வழிகாட்டிப் பட்டைகள், கிராங்க் சீல், சீலன்ட், ஒயில், கூலன்ட் என எல்லாம் ஒரே பயணத்தில் வரட்டும். உப்புக்காற்றில் இறுகிய போல்ட் ஒன்றிரண்டு முறியும், அவற்றுக்கும் மாற்று வைத்திருங்கள். கூலன்டில் கலக்க நெடுந்தீவு உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

திறந்ததும் பழைய டென்ஷனரின் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பல் வரை வந்திருந்தால் செயினே நீண்டுவிட்டது. டென்ஷனரை மட்டும் மாற்றினால் கறகறப்பு சீக்கிரமே திரும்பி வரும். டென்ஷனர் கழன்றிருக்கும்போது கிராங்கைத் திருப்பாதீர்கள். செயின் ஒரு பல் தாவினாலே டைமிங் பிசகும், இன்னும் தாவினால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கும். புதியதைப் பூட்டி அதன் தண்டைப் பிடித்திருக்கும் கொக்கியை விடுவித்தபின், கிராங்கைக் கையால் இரண்டு முழுச்சுற்று திருப்பி டைமிங் குறிகளை மறுபடி ஒத்துப்பாருங்கள். எங்காவது இடித்து நின்றால் பலம் கொடுக்காமல் திரும்பப் பிரியுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஒயில் ஏறும்வரை சில விநாடி சத்தம் வரும், பதற வேண்டாம்.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வரும்படி பெரும்பாலும் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும்தான். போர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் இதே வேலை சிறு அளவில் உண்டு, பலவற்றில் டென்ஷனரை வெளியிலிருந்தே கழற்றலாம். அதில் கை பழகியபின் காருக்கு வாருங்கள்.

கையில் தாள் இல்லாத அனுபவசாலிகளுக்கு ஒரு தகவல். வேலையால் கற்ற திறமையை மதிப்பிட்டு, தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டா, என்விகியூ எனும் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிறது. முறையாகப் படிக்க விரும்பினால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிலையம் 2016இலிருந்து நடக்கிறது. நைட்டா வழியில் போனால் மதிப்பீட்டாளர் உங்கள் வேலைக்குச் சான்று கேட்பார். அதனால் ஒவ்வொரு வேலையையும் திகதி, இன்ஜின் வகை, கண்ட குறை, மாற்றிய பாகம் என்று கொப்பியில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். பழைய டென்ஷனரைப் பையில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள், கேட்காவிட்டாலும்.