நூலும் நிரலும் ஒத்துப்போக...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

கடைக்காரருக்குத் தராசு எப்படியோ, கணினி பயில்வோருக்குக் கையேடு அப்படி. தராசு பொய் சொன்னால் வாங்குபவர் கடைக்காரரை ஐயுறுவார். கையேடு பொய் சொன்னாலோ, பயில்பவர் தம்மையே ஐயுறத் தொடங்குவார்.

இதனை நான் அனுபவத்தில் அறிந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சி மொழி கற்கச் சேர்ந்தேன். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டினார்கள். அங்கே தந்த ஜெராக்ஸ் குறிப்பில் முதல் நிரலே 'கோனியோ' என்னும் தலைப்புக் கோப்பில் தொடங்கியது. அது டர்போ சி காலத்துக் குறிப்பு. கணினிகளிலோ லினக்ஸும் ஜிசிசி கம்பைலரும் வந்துவிட்டன. அங்கே கோனியோ கிடையாது. மூன்று நாள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஒவ்வொரு முறையும் பிழை என்றே திரை சொன்னது. நான்காம் நாள் நான் போகவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "குறிப்புதான் பழசு, நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்" என்று சொல்ல அண்ணனோ அக்காளோ இல்லை. அச்சில் இருப்பது தவறாகவும் இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. இக்கல்லூரிக்கு வந்த பிறகுதான் உண்மை விளங்கிற்று. அன்று முதல் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது: மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது அதன் கையேட்டை எவ்வாறு திருத்துகிறார்கள்?

இக்கேள்விக்கு விடை தேட ஈமாக்ஸ் என்னும் எடிட்டர் நல்ல சான்றாகும். அதன் நிரலும், கையேடும், இரண்டையும் திருத்திய வரலாறும் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கின்றன.

ஈமாக்ஸும் அதன் கையேடும்

ஈமாக்ஸ் 1976-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில், டெகோ என்னும் எடிட்டரின் மேல் எழுதிய மேக்ரோக்களின் தொகுப்பாகப் பிறந்தது. இன்று நாம் காணும் குனு ஈமாக்ஸை ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்டார். இதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. ஆகவே பயன்படுத்துபவரே புதிய சார்புகளை எழுதி எடிட்டரின் போக்கை மாற்றிக்கொள்ளலாம். கண்ட்ரோல் விசையுடன் எச்-ஐ அழுத்தி, பின்னர் எச்-ஐ மட்டும் ஒருமுறை அழுத்தினால் உலக மொழிகள் பலவற்றில் வாழ்த்து தோன்றும்; அவற்றுள் நம் 'வணக்கம்' என்பதும் ஒன்று.

இந்த லிஸ்பை விளக்குவதற்கென்றே தனியாக ஓர் ஆதாரக் கையேடு உண்டு. ராபர்ட் கிராவிட்ஸ், பில் லூயிஸ், டான் லாலிபர்ட், ஸ்டால்மன், கிறிஸ் வெல்டி ஆகிய தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து இதனை முதலில் எழுதினர். திருத்தங்கள் அனுப்பியவர்களின் பெயர்களும் முன்னுரையில் நீண்ட வரிசையாக நிற்கின்றன. நூலில் குறை கண்டவரையும் நூலாக்கத்தில் பங்கு கொண்டவராக மதிக்கும் இவ்வழக்கம் போற்றத்தக்கது.

கையேடு டெக்ஸ்இன்ஃபோ என்னும் முறையில் எழுதப்படுகிறது. ஒரே மூலக் கோப்பிலிருந்து அச்சு நூலும், திரையில் படிக்கும் வடிவமும் கிடைக்கும். ஒரு பகுதியின் பெயரை மாற்றிவிட்டு, அதைச் சுட்டும் இடங்களை மாற்ற மறந்தால், மூலத்தை வடிவமாக்கும் கருவியே அதனைச் சுட்டிக்காட்டும். ஆனால் ஒன்று நினைவிற் கொள்ள வேண்டும். விட்டுப்போன இணைப்பைத்தான் கருவி கண்டுபிடிக்கும். உண்மையல்லாத வாக்கியத்தை அதனால் கண்டுபிடிக்க இயலாது. அதற்கு மனிதர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

கூட்டலும் கழித்தலும்

புதிய பதிப்பில் பயன்படுத்துவோர் உணரக்கூடிய மாற்றம் எதுவாயினும் அது 'நியூஸ்' என்னும் கோப்பில் ஒரு குறிப்பாக எழுதப்படும். அக்குறிப்பின் தலைமேல் மூன்று கூட்டல் குறிகள் இருந்தால், அம்மாற்றம் கையேட்டில் ஏறிவிட்டது என்று பொருள். மூன்று கழித்தல் குறிகள் இருந்தால், கையேட்டில் மாற்றம் தேவையில்லை என்று பொருள். குறியே இல்லாவிடில், இன்னும் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்று பொருள். புதிய பதிப்பு வெளிவருமுன் இக்குறிகள் நீக்கப்படும்.

இதில் கழித்தல் குறியே என்னை மிகவும் கவர்ந்தது. ஒன்றும் எழுதாமல் விடுவது வேறு. எண்ணிப் பார்த்து, எழுத வேண்டியதில்லை எனத் தீர்மானித்து விடுவது வேறு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். குறியிட்டால்தான் வேற்றுமை புலப்படும்.

ஓர் எண்ணின் கதை

மாற்றம் ஒன்று நூல் முழுவதும் எவ்வாறு பரவுகிறது என்பதற்கு முழு எண்களின் கதையே தக்க எடுத்துக்காட்டு.

2001-இல் வெளிவந்த 21-ஆம் பதிப்பின் கையேடு, முழு எண்ணுக்குக் குறைந்தது 28 பிட் இடம் உண்டு என்றது. அதாவது உறுதியாக எட்டக்கூடிய மிகப் பெரிய எண் 13,42,17,727. அதனுடன் ஒன்றைக் கூட்டினால், வண்டியின் மீட்டர் சுற்றி வருவதுபோல, அந்த எல்லையில் நிற்கும் கணினியில் விடை எதிர்மறை எண்ணாகிவிடும். 2007-இல் 22-ஆம் பதிப்பில் இந்த இடம் 29 பிட் ஆயிற்று, எல்லை 26,84,35,455. 2012-இல் வந்த 24-ஆம் பதிப்பின் கையேட்டிலோ 30 பிட், எல்லை 53,68,70,911.

ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணை எழுதினால் போதும் என நாம் நினைப்போம். அப்படியன்று. பிட்டுகளைக் கையாளும் சார்புகளுக்கு எடுத்துக்காட்டாக, கையேட்டில் சுழியும் ஒன்றுமாக நீண்ட வரிசைகள் உண்டு. அவை 28 இலக்கமாக எழுதப்பட்டவை. எல்லை மாறியதும் அவையும் நீள வேண்டியதாயிற்று. ஒரு பிட் கூடியதற்கு இத்தனை வேலை!

பெரிய மாற்றம் 2020-இல் 27-ஆம் பதிப்பில் வந்தது. முழு எண் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம் என்றாயிற்று. சிறிய எண்கள் 'ஃபிக்ஸ்னம்' எனவும், பெரியவை 'பிக்னம்' எனவும் இரு வகையாயின. மீட்டர் சுற்றி வரும் கதையைக் கையேட்டிலிருந்து நீக்க வேண்டும். வகையை அறியும் புதிய சார்புகளைச் சேர்க்க வேண்டும். அத்துடன், எண்களைப் பற்றிய இயலுக்கு வெளியேயும் செல்ல வேண்டும். ஏனெனில், இரு பொருள்கள் ஒன்றே தானா என்று பார்க்கும் 'ஈக்யூ' என்னும் சார்பு இம்மாற்றத்தால் பாதிக்கப்பட்டது. முன்பு ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒரே உருதான். எனவே ஈக்யூ கொண்டு எண்களை ஒப்பிட்டாலும் சரியான விடை வந்தது. இப்போது மதிப்பு ஒன்றாயிருந்தும் இரு பிக்னம்கள் வெவ்வேறு பொருள்களாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் ஈக்யூ 'இல்லை' என்னும். பிழைச் செய்தி எதுவும் வாராது. விடை மட்டும் தவறிவிடும்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. பழைய கையேடே இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தது. முழு எண்களுக்கு ஈக்யூவும் சமக் குறியும் இன்று ஒன்றுதான். ஆயினும் எண்களின் அமைப்பைப் பிற்காலத்தில் மாற்ற நேரலாம், ஆதலால் சமக் குறியையே கையாளுவது நல்லது என்னும் கருத்தை அதில் எழுதி வைத்திருந்தனர். அவ்வறிவுரையைக் கேட்டு நிரல் எழுதியவருக்கு 2020-இல் இதனால் தொல்லை வந்திராது. இன்றுள்ளதைச் சொல்லுவது கையேட்டின் கடமை; நாளை எது மாறக்கூடும் என்று எச்சரிப்பது அதன் பெருந்தன்மை.

பழையன கழிதல்

ஒரு சார்பு வேண்டாததாகிவிட்டால் உடனே அதை நீக்கிவிடுவதில்லை. அதனை நம்பி எழுதிய நிரல்கள் உடைந்துவிடுமல்லவா? எழுத்துத் தொடரை எண்ணாக்கும் 'ஸ்ட்ரிங்-டு-இண்ட்' என்னும் பெயர் 22-ஆம் பதிப்பில் வழக்கொழிந்ததென அறிவிக்கப்பட்டது. மாற்றாக 'ஸ்ட்ரிங்-டு-நம்பர்' சுட்டப்பட்டது. அப்போது பழைய பெயரை எழுதினால் கம்பைலர் எச்சரித்தது. எந்தப் பதிப்பு முதல் வழக்கொழிந்தது, மாற்று எது என்பதையும் சொன்னது. நான் பயின்ற ஜெராக்ஸ் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

கையேட்டின் இறுதியில் 'எதிர்ச்செய்தி' என்று ஒரு பின்னிணைப்பும் உண்டு. காலத்தில் பின்னோக்கி வாழ்வோர்க்கு, பழைய பதிப்புக்குத் திரும்பினால் என்னென்ன 'நன்மை' என்று வேடிக்கையாக எழுதியது அது. சிரித்துக்கொண்டே படித்தாலும், பதிப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மனத்தில் பதிந்துவிடுகிறது.

இருவர் கண்கள்

22-ஆம் பதிப்பு வெளிவருமுன் தயாரித்த வேலைப்பட்டியலில், கையேட்டின் ஒவ்வொரு பகுதியையும் அண்மை மாற்றங்களோடு ஒப்பிட்டுக் குறைந்தது இருவர் படித்தாக வேண்டும் என்று விதித்தனர். கோப்பின் பெயருக்கு எதிரே படித்தவர்களின் பெயரை எழுதினர். எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரிவதில்லை என்பது தேர்வுத்தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்துவிட்டு வரும் நமக்குத் தெரியாததன்று.

முடிவுரை

புதிய சார்பை எழுதியவரை உலகம் பாராட்டும். பழைய வாக்கியத்தைத் திருத்தியவரை ஒருவரும் அறியார். எனினும் கேட்பதற்கு ஆளில்லாத வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கு அந்தத் திருத்தியவரே அண்ணன்; அவரே அக்காள்.

நம் துறையிலும் செய்முறைக் குறிப்புகள் ஆண்டுதோறும் கைமாறி வருகின்றன. என் விண்ணப்பம் ஒன்று. முதலாண்டினர் வருமுன், இரண்டாம் ஆண்டு மாணவர்களாகிய நாம் ஒவ்வொரு பயிற்சிக்கும் இருவராகப் பிரிந்து, அவற்றை ஓட்டிப் பார்ப்போம். இன்ன நாளில், கம்பைலரின் இன்ன பதிப்பில் சரிபார்த்தோம் என அடியில் எழுதி, நம் பெயரையும் இடுவோம். முதல் ஐந்து பயிற்சிகளை நானும் என் அறைத்தோழனும் முடித்துவிட்டோம். இரண்டில் திருத்தம் தேவைப்பட்டது, மூன்றில் இல்லை. தேவைப்படாத மூன்றிலும் மூன்று கழித்தல் குறிகளை இட்டு வைத்திருக்கிறோம்.

எஞ்சிய பயிற்சிகளுக்கு நண்பர்கள் முன்வர வேண்டுகிறேன். நம் குறிப்பைப் படித்து ஒரு மாணவன் மூன்று நாள் திணறி, நான்காம் நாள் வராமல் நின்றுவிடும் நிலை நேரக்கூடாது.